வேலை நடக்கிறது, கதவைத் தொடாதீர்கள்

மதிப்பிற்குரிய சம்பந்தி அவர்களுக்கு,

அப்படி அழைக்க நீங்கள் இன்னும் சம்மதம் தரவில்லை என்பது தெரியும். இன்றைக்கு உங்கள் வீட்டுக்கு வந்து, பேசி முடித்திருந்தால் இந்நேரம் அப்படித்தானே அழைத்திருப்பேன், அந்த உரிமையில் எழுதுகிறேன். வணக்கம். இங்கே நான் நலம். அங்கே நீங்களும் சம்பந்தியம்மாவும் மாப்பிள்ளையும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். 'இங்கே' என்றால் எங்கே என்பதைக் கொஞ்சம் பொறுத்துச் சொல்கிறேன். உட்கார்ந்துகொண்டு படித்தால் நல்லது.

முதலில் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். இந்த முறை நான் லிஃப்டில் மாட்டிக்கொள்ளவில்லை.

முதல் முறை உங்கள் வீட்டுக்கு வரக் கிளம்பியபோது மாட்டிக்கொண்டது உண்மை. துணிக்கடை லிஃப்ட், நான் ரிப்பேர் செய்யப் போனது, நான் உள்ளே இருக்கும்போதே நின்றுவிட்டது. இரண்டாவது முறை உங்கள் அடுக்குமாடிக் கட்டடத்து லிஃப்டிலேயே மாட்டிக்கொண்டேன். வாசலில் 'லிஃப்ட் பழுது' என்று எழுதி வைத்திருந்தார்கள். சம்பந்தி வீட்டுக்கு வெறுங்கையோடு போவானேன், இதைச் சரி செய்து கொடுத்துவிட்டுப் போவோம் என்று ஆசைப்பட்டேன், அவ்வளவுதான். நீங்கள் அந்த எழுத்தைப் படித்துவிட்டு மரியாதையாகப் படியில் ஏறிப் போன சத்தம்கூட எனக்குக் கேட்டது. 'சத்தம் போடாதீர்கள்' என்று நீங்களே மாட்டிய பலகை பக்கத்தில் இருந்ததால் நான் கதவைத் தட்டவில்லை. காலமெல்லாம் நூலகராக இருந்து 'அமைதி காக்கவும்' பலகையைக் கட்டிக் காத்த மனிதர் நீங்கள். பூங்காவில் 'புல்லை மிதிக்காதீர்கள்' என்று இருந்ததால் எதிரே நின்ற என் மகளிடம் வர பூங்கா முழுவதும் சுற்றி வந்தவர். உங்கள் முன்னால் நான் எப்படித் தட்டுவேன்?

அன்றைக்கு நீங்கள் என் வீட்டுக்காரியிடம் சொன்னது அப்படியே என் காதுக்கு வந்து சேர்ந்தது. "மூணாவது தடவையும் மனுஷன் வரலேன்னா இந்தச் சம்பந்தமே வேண்டாம்மா. பொண்ணு மேல எனக்கு ஒரு குறையும் இல்ல. அப்பான்னு ஒருத்தர் உண்மையிலேயே இருக்காரான்னுதான் சந்தேகம்." நியாயமான பேச்சு. என் மகள் அதற்கு அழவில்லை. அழுதிருந்தால் நான் சமாளித்திருப்பேன். என்னைப் பார்த்துச் சிரித்தாள், அன்றைக்கே போய்ப் புதுச் சட்டை எடுத்துவிட்டேன். உங்கள் பையனை அவளுக்கு அவ்வளவு பிடித்திருக்கிறது. இன்று காலையில் நான் புதுச் சட்டை போட்டுக்கொண்டு கிளம்பும்போது சொன்னாள்:

"அப்பா, இன்னிக்கு ஒரு நாள் மட்டும் எந்தக் கதவுக்குள்ளயும் போகாதீங்கப்பா."

"வீட்டு வாசல் கதவு?"

"அதுல போலாம். வெளிய வர்றதுக்கு மட்டும்."

சரி என்று கையில் அடித்துச் சத்தியம் செய்துவிட்டுத்தான் இறங்கினேன். தெருமுனை தாண்டுவதற்குள் எங்கள் மேனேஜர் போன். "ராக்கெட் விடுற எடம் இருக்குல்ல, அங்க கோபுரத்து லிஃப்டுல ஏதோ கம்ப்ளெயின்ட்டாம். ஒரு எட்டு பாத்துட்டுப் போயிடுங்கண்ணே. உங்க சம்பந்தி வீட்டுக்குப் போற வழிதான்" என்றார். போகிற வழியே இல்லை. ஆனால் மேனேஜர் சொல்லிவிட்டால் வழி திரும்பிக்கொள்ளும்.

என்னோடு வந்த இரண்டு பேரைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஒருவர் வயர்மேன். எந்த லிஃப்டுக்குள் போனாலும் கீழேயிருந்து மேல்வரை எல்லாப் பொத்தான்களையும் ஒரு தடவை அமுக்கினால்தான் அவருக்கு அன்றைய சாப்பாடு செரிக்கும். இன்னொருவனை நாங்கள் கிரீஸ் என்று கூப்பிடுவோம். அசையும் பொருள் எதைப் பார்த்தாலும் கிரீஸ் வைப்பான், அசையாத பொருளையும் சந்தேகத்துக்கு விடமாட்டான். இவர்களோடு எங்கள் கம்பெனிப் பலகையும் வந்தது. தடித்த இரும்பு, தடித்த சங்கிலி. ஒரு பக்கம் 'வேலை நடக்கிறது, கதவைத் தொடாதீர்கள்', மறுபக்கம் 'வேலை முடிந்தது, பயன்படுத்தலாம்'. வெயில், மழை, கிரீஸ் எதற்கும் அந்த எழுத்து அழியாது. அதை வாசலில் மாட்டாமல் நாங்கள் ஸ்குரூ டிரைவரைத் தொடமாட்டோம். வேலையில் ஒழுங்கு என்றால் எங்களுக்கு உயிர்.

கோபுரத்து லிஃப்டில் ஏறினோம். பூப்போல மேலே போய் நின்றது. அப்படியானால் கம்ப்ளெயின்ட் இதில் இல்லை. மேலே போய்ப் பார்த்தால் ஒரு சின்னப் பாலம், பாலத்தின் அந்தப் பக்கம் இன்னொரு வாசல், உள்ளே குட்டியாக ஒரு அறை. ரிப்பேர் இதில்தான் என்று ஒரே பார்வையில் கண்டுபிடித்துவிட்டேன். சுவர் முழுக்கப் பொத்தான். மூன்று நாற்காலி வேறு. "லிஃப்டுக்குள்ள நாற்காலி போட்டிருக்கான் பாருங்கண்ணே, ரொம்ப தூரம் போற லிஃப்டு போல" என்றான் கிரீஸ். அந்த வாசலின் வெளிப்பக்கம் பலகையை மாட்டிவிட்டு அவர்கள் உள்ளே போனார்கள். நான் வாசலிலேயே தயங்கி நின்றேன். மகளுக்குச் செய்த சத்தியம் இருக்கிறதே. பிறகு உற்றுப் பார்த்தேன். வாசல் வட்டமாக இருந்தது. கதவு என்றால் நாலு மூலை வேண்டும், இது ஓட்டை, ஓட்டையைப் பற்றி அவள் ஒன்றும் சொல்லவில்லை என்று மனதைத் தேற்றிக்கொண்டு, உங்களுக்கென்று வாங்கிய ஆரஞ்சுப் பையோடு உள்ளே போனேன்.

எங்களுக்குப் பின்னால் அசல் விண்வெளிக்காரர்கள் மூன்று பேர் வந்திருக்கிறார்கள். இது எனக்குப் பிற்பாடு தெரிந்தது. பலகையைப் படித்திருக்கிறார்கள். "வேலை நடக்குதாம், கூப்பிடுவாங்க" என்று சொல்லிவிட்டு கேன்டீனுக்கு டீ குடிக்கப் போய்விட்டார்கள். படித்த பிள்ளைகள். உங்களுக்கு அவர்களை ரொம்பப் பிடிக்கும்.

உள்ளே ஒரு ஸ்பீக்கரிலிருந்து குரல் வந்தது. "எல்லாரும் உள்ள வந்தாச்சா?" வந்தாச்சு சார் என்றேன். "தயாரா?" என்று கேட்டது. "தயார் சார், சீக்கிரம் விடுங்க, எனக்கு ஒரு முக்கியமான எடத்துக்குப் போகணும்" என்றேன். இதில் என் தப்பு என்ன இருக்கிறது என்று நீங்களே சொல்லுங்கள். வயர்மேன் கீழேயிருந்து பொத்தான்களை அமுக்க ஆரம்பித்தார். ஓட்டை மூடிக்கொண்டது. ஸ்பீக்கர் "பத்து, ஒன்பது, எட்டு" என்றது. எனக்கு வந்த சந்தோஷத்துக்கு அளவே இல்லை. "பாருங்கய்யா, மாடி மாடியா சொல்லிக்கிட்டே எறங்குது. ஒரு ஆட்டம் இல்ல, ஒரு சத்தம் இல்ல. இதுல என்ன கம்ப்ளெயின்ட் கண்டுட்டாங்க?" என்று கேட்டேன். மூன்று என்றபோது தலையைச் சீவிக்கொண்டேன். ஒன்று என்றபோது ஆரஞ்சுப் பையைக் கையில் எடுத்து, "அடுத்தது தரைத்தளம், வழி விடுங்க" என்று வாசலைப் பார்த்து நின்றேன்.

அதற்கப்புறம் நடந்ததை எழுதப் பேனா கூசுகிறது. கட்டடமே தும்மியது போல ஒரு சத்தம். நான் பின்னால் பறந்து நாற்காலியில் வயர்மேன் மடியில் விழுந்தேன், என் மடியில் கிரீஸ், எங்கள் மூவர் முகத்திலும் ஆரஞ்சு. "மேல போகுது! மேல போகுது!" என்று கத்தினேன். "எத்தனாவது மாடி பாருங்க!" "மாடியெல்லாம் முடிஞ்சு போச்சுண்ணே" என்றார் வயர்மேன். ஜன்னலில் மேகம் கீழே போய்க்கொண்டிருந்தது.

அமைதியானதும் பார்த்தால் நாங்கள் மிதக்கிறோம். மிதப்பதுகூடப் பரவாயில்லை, கிரீஸ் டப்பா மூடி கழன்றுவிட்டது. கிரீஸ் உருண்டை உருண்டையாக அறை முழுக்க உலாவ ஆரம்பித்தது, ஒவ்வொன்றுக்கும் என் புதுச் சட்டைதான் குறி. "கறை பட்டுச்சோ, வீட்டுக்கே வராதீங்க" என்று சொல்லி அனுப்பியிருக்கிறாள் வீட்டுக்காரி. சட்டையைக் கழற்றி மடித்து, அங்கே மிதந்த ஒரு தலைக்கவசத்துக்குள் பத்திரமாக வைத்தேன். பயத்தில் வயர்மேன் அதையே எடுத்து மாட்டிக்கொண்டுவிட்டார். இப்போது அவருக்கு ஒன்றும் தெரியவில்லை, தலைக்கவசத்தையும் கழற்ற வரவில்லை, கிரீஸ் போய் அதைச் சுற்றிலும் கிரீஸ் வைத்தான், அதன்பிறகு யார் பிடித்தாலும் வழுக்குகிறது. நான் அவர் தலையைப் பிடித்து இழுக்க, கிரீஸ் என் காலைப் பிடித்து இழுக்க, மூன்று பேரும் ராட்டினம் போலச் சுற்றிக்கொண்டிருந்தபோது ஸ்பீக்கரில் ஒரு அம்மாவின் குரல் கேட்டது.

"நீங்கள்லாம் யாரு?"

"லிஃப்டு கம்பெனிலேருந்து வந்திருக்கோம்மா."

அந்தப் பக்கம் காகிதம் புரளும் சத்தம் கேட்டது. பிறகு, "லிஃப்டு சரியாயிடுச்சா?" என்று கேட்டார்.

"கோபுரத்து லிஃப்டு சரியாத்தான் இருக்கு. இதுதான் நிக்க மாட்டேங்குது."

பாவம், தங்கமான அம்மா. திட்டவே இல்லை. நாங்கள் எங்கே இருக்கிறோம் என்று அவர்தான் பக்குவமாக எடுத்துச் சொன்னார். எதையும் தொடாமல் கையைக் கட்டிக்கொண்டு உட்காரச் சொன்னார். தானாகவே கடலில் இறக்கிவிடுவார்களாம், கப்பல் வந்து அள்ளிக்கொண்டு போகுமாம்.

சம்பந்தி அவர்களே, அப்போதுதான் நான் ஜன்னல் வழியாக உலகத்தைப் பார்த்தேன். நீலமாக உருண்டையாக இருந்தது, எல்லோரும் சொல்வது போல அழகாகத்தான் இருந்தது. எனக்கு அழகு ஏறவில்லை. அதில் எங்கேயோ உங்கள் வீட்டுக் கூடத்தில், எனக்கு முன்பே வந்துவிட்ட என் மகள் வாசலையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள், பக்கத்தில் அவள் அம்மா "இப்ப வந்துடுவாரு" என்று உங்களிடம் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருக்கிறாள், அதுதான் தெரிந்தது. அழுதுவிட்டேன். இங்கே கண்ணீர் கீழே விழாது, கண்ணிலேயே உருண்டையாக நிற்கும். கிரீஸ் பாசத்தோடு துடைத்துவிட்டான். அவன் கையைப் பற்றித்தான் உங்களுக்குத் தெரியுமே. மிச்சத்தை ஒரு கண்ணால் எழுதுகிறேன்.

என்னை என்ன வேண்டுமானாலும் சொல்லுங்கள், பெண்ணை வேண்டாம் என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். அவள் என்னைப் போல இல்லை. அடக்கமானவள், சொன்ன சொல் தட்டாதவள், உங்கள் வீட்டில் எத்தனை பலகை இருந்தாலும் அத்தனைக்கும் பணிந்து நடப்பாள். அதற்கு நான் பொறுப்பு. கடலிலிருந்து கரையேறியதும் முதல் வேலையாக உங்களிடம் வருகிறேன். படியில் ஏறியே வருகிறேன். எனக்கு இன்னும் ஒரே ஒரு வாய்ப்பு கொடுங்கள். இந்தக் கடிதத்தை நான் ஸ்பீக்கரில் படிக்கப் படிக்க அந்த அம்மா எழுதிக்கொள்கிறார். உடனே ஆள் மூலம் உங்களுக்கு அனுப்புவதாகச் சொல்லி உங்கள் முகவரியையும் வாங்கிக்கொண்டார்.

சம்பந்தியம்மாவுக்கு என் வணக்கங்கள். மாப்பிள்ளைக்கு என் ஆசிகள். உங்களை நான் கீழே நின்று வணங்குவதுதான் முறை, மேலேயிருந்து வணங்க நேர்ந்ததற்கு மன்னிக்கவும்.

தங்கள் வருங்காலச் சம்பந்தி
(உண்மையிலேயே இருக்கிறேன்)

பின்குறிப்பு: மேலே எழுதியதில் கடல், கப்பல் என்று வருவதையெல்லாம் அடித்துவிடவும். நான் கொடுத்த உங்கள் முகவரியை, அந்த அம்மாவுக்குப் பக்கத்தில் இருந்தவர் கம்ப்யூட்டரில் கடிதம் அனுப்பும் கட்டத்தில் தட்டாமல், எங்களை இறக்கும் கட்டத்தில் தட்டிவிட்டாராம். மாற்ற முடியாதாம். மேனேஜர் சொன்னது சரிதான், போற வழிதான். மொட்டை மாடியில் துணி காய்ந்தால் எடுத்துவிடுங்கள், யாரும் நிற்கவும் வேண்டாம்.

இன்னொரு பின்குறிப்பு: வந்துவிட்டேன். 'மாடியில் சத்தம் போடாதீர்கள்' என்ற உங்கள் பலகையின் மேல்தான் இறங்கியிருக்கிறோம், அந்தச் சத்தத்துக்கும் மன்னிக்கவும். ஸ்பீக்கர் செத்துவிட்டது, அதனால் நான் எழுதி வைத்த காகிதத்தையே ஜன்னல் விரிசல் வழியாக வெளியே தள்ளுகிறேன். கதவு உள்ளேயிருந்து திறக்கவில்லை, பிடியில் கிரீஸ். ஆகவே இந்த முறை மாட்டிக்கொள்ளவில்லை என்று எழுதியதையும் அடித்துவிடவும். வெளியே நீங்கள் பேசுவது எனக்கு நன்றாகக் கேட்கிறது. "யாரும் கிட்ட போகாதீங்க! பலகையைப் படிங்க, உள்ள வேலை நடக்குது" என்கிறீர்கள். என் மகள் "அது எங்கப்பாவோட பலகை மாமா!" என்கிறாள். "யாரோடதா இருந்தா என்னம்மா, பலகை பலகைதான்" என்கிறீர்கள். சுற்றியிருந்த பெயின்ட் எல்லாம் தீய்ந்தும் எங்கள் பலகை எழுத்து அழியவில்லை பார்த்தீர்களா? "அப்பா, அவர் வந்துட்டாருப்பா" என்று மாப்பிள்ளை சொல்வதும் கேட்டது. அதை மட்டும் தயவுசெய்து கணக்கில் எடுத்துக்கொள்ளுங்கள். நாங்கள் வெளியே வர வேண்டுமானால் யாராவது அந்தப் பலகையைத் திருப்பிப் போட வேண்டும். நீங்கள் தொடமாட்டீர்கள், எனக்குத் தெரியும். என் மகளை விட்டால் திருப்பிவிடுவாள். அடக்கமானவள், சொல் தட்டாதவள் என்று எழுதியதையும் அடித்துவிடுங்கள், சம்பந்தி. பிறந்ததிலிருந்து அவள் ஒரு பலகையையும் மதித்தது கிடையாது.