இன்குபேட்டரில் முத்தம்மாள்

தயிர் உறையாத வீட்டில் யார் வேண்டுமானாலும் குடியிருக்கலாம். மைக்ரோபயாலஜி படித்த மருமகள் மட்டும் இருக்கக் கூடாது. நான் இருந்திருக்கிறேன், அதனால் சொல்கிறேன்.

எனக்கு வேலை கிடைத்தது இராஜபாளையத்தில். காயத்துக்குக் கட்டும் காஸ் துணியும் பேண்டேஜும் செய்கிற ஆலை. அதன் சோதனைக்கூடத்தில், கிருமி நீக்கிய துணியில் உண்மையிலேயே கிருமி இல்லைதானா என்று பார்த்துச் சொல்ல வேண்டும். நாங்கள் இருந்ததோ ஸ்ரீவில்லிபுத்தூர் மடவார் வளாகத்தில். பஸ் ஏறினால் அரை மணி நேரம். (இதற்கெல்லாம் யாராவது வீடு மாற்றுவார்களா? மாற்றினேன்.)

பஸ் வழியில் நின்றுவிட்டால்? நான் அங்கே இருக்கும்போது என் இரண்டரை வயது மகன் கவின் இங்கே கட்டிலிலிருந்து விழுந்துவிட்டால்? இப்படி யோசித்து யோசித்து, தெரிந்தவர் மூலம் ஆலைக்குப் பக்கத்திலேயே வீடு பிடித்துவிட்டேன். ராணுவத்தில் பஞ்சாப் பக்கம் இருக்கிற என் கணவர் போனில் சொன்னார்:

“நான் நாட்டோட இந்தக் கோடியில கெடந்து வேலை பாக்கேன். நீ அடுத்த ஊருக்கு லாரி பிடிக்க.”

அடுத்த ஊர்தான். ஆனால் நாங்கள் கிளம்பிய அன்று தெருவே திரண்டு வந்து, கப்பல் ஏறப் போகிறவளுக்குக் கொடுப்பது போல ஆளுக்கொரு பால்கோவாப் பொட்டலம் கொடுத்தது. பேரனை விட்டு இருக்க முடியாது என்று என் மாமியார் முத்தம்மாளும் லாரியில் முன்சீட்டைப் பிடித்துக்கொண்டார். அவர் காலடியில் அவருடைய பாத்திர மூட்டை. அதிலிருந்த அண்டா முதல் கரண்டி வரை எல்லாவற்றிலும் ‘தி. முத்தம்மாள்’ என்று பேர் வெட்டியிருக்கும். விசேஷ வீட்டுக்கு இரவல் போன பாத்திரம் ஒழுங்காகத் திரும்பி வர வேண்டுமே! இந்தப் பேர் வெட்டும் வழக்கம்தான் பிற்பாடு என் கழுத்துக்குக் கத்தியாக வந்தது.

வேலையில் சேர்ந்த முதல் வாரம் முழுக்கப் பயிற்சி. கிருமி எங்கெல்லாம் இருக்கும் என்று படம் படமாகக் காட்டினார்கள். கல்லூரியில் பார்த்த படங்கள்தான். ஆனால் அப்போது எனக்குப் பிள்ளை இல்லை. சாயங்காலம் வீட்டுக்கு வந்தால், கவின் ஜன்னல் கம்பியை நக்கிக்கொண்டிருந்தான். வாடகை வீட்டு ஜன்னல்! முன்பு யார் யார் தொட்டதோ!

அன்றைக்கே ப்ளீச்சிங் பவுடர் வாங்கினேன். தரை, கதவுப்பிடி, பொம்மைகள், அடுக்களைப் பாத்திரங்கள் எல்லாவற்றையும் அந்தக் கரைசலில் முக்கி எடுத்தேன். நல்ல தண்ணீரில் அலசினால் குழாய்க் கிருமி திரும்ப ஒட்டிக்கொள்ளுமோ என்று அலசாமலே கவிழ்த்து வைத்தேன். (படித்தவள்தான் நான்.) அத்தை தூங்கிய பிறகே இதைச் செய்வேன். அவர் கழுவிய பாத்திரத்தை நான் மறுபடி கழுவியது தெரிந்தால் மறுநாளே ஊருக்குப் பஸ் ஏறிவிடுவார்.

“என்ன தண்ணியோ இந்த ஊர்ல, ஒரே மருந்து வாடை” என்று மட்டும் அவ்வப்போது முகம் சுளித்தார். நான் முனிசிபாலிட்டியைக் குறை சொன்னேன்.

தயிர் உறையாமல் போனதும் அந்த வாரத்தில்தான். ஊரிலிருந்து கொண்டுவந்த உறைமோரை ஊற்றி வைத்தால், விடிந்ததும் பால் பாலாகவே இருந்தது. மறுநாளும் அப்படியே. அதற்கடுத்த நாளும். கவின் தயிர்ச்சோறு தவிர வேறெதையும் வாயில் வைக்காத பிள்ளை. கடைத் தயிரைப் பிசைந்து ஊட்டினால் என் முகத்திலேயே துப்பினான்.

“ஏட்டி, கிருமியத்தான அஞ்சு வருசம் படிச்ச?” என்றார் அத்தை. “அதுககிட்டச் சொல்லி இந்த ஒரு சொம்புப் பால ஒறைய வையேன்.”

“குளிர் அத்தை. மலைக்காத்து.”

“அங்கனயும் அதே மலைதான. பால்கோவா ஊர்ல பொறந்துட்டுப் பாலப் பாலாவே வச்சிருக்க. பிள்ள எளச்சுப் போனான் பாரு. இதுக்குத்தான் வீடு மாத்துனியாக்கும்?”

அந்தக் கடைசிக் கேள்வி எனக்குள் போய் உட்கார்ந்துகொண்டது. வீடு மாற்றியது என் பிடிவாதம். பிள்ளை பட்டினி. தயிர் உறைய வேண்டியது என் பொறுப்பு, என் படிப்பின் மானம்.

மறுநாள் காலை, பிரிக்காமல் கிடந்த மூட்டையிலிருந்து மூடி போட்ட ஒரு சம்படத்தை எடுத்தேன். வெதுவெதுப்பான பாலும் மிச்சமிருந்த உறைமோரும் ஊற்றி மூடி, பைக்குள் வைத்து ஆலைக்குக் கொண்டுபோனேன். சோதனைக்கூடத்தில் கிருமி வளர்த்துப் பார்ப்பதற்கென்றே ஒரு இன்குபேட்டர் உண்டு. இரவும் பகலும் ஒரே இளஞ்சூடு. அதன் அடித்தட்டு காலி.

செய்யக் கூடாது என்று தெரியும். வைத்தேன். எடுத்தேன். கவின் முகம் ஞாபகம் வந்தது, மறுபடி வைத்தேன். சுத்தமாக இருக்கட்டுமே என்று சம்படத்தைச் சுற்றி அலுமினியத் தாள் சுற்றினேன். அதற்குப் பிறகு அது பார்க்க நிஜமான சாம்பிள் மாதிரியே இருந்தது.

ஆடிட்டர் நாளைக்குத்தான் வருவார் என்று சொல்லியிருந்தார்கள். எங்கள் துணியை வாங்கும் வெளிநாட்டுக் கம்பெனிக்காகச் சோதனைக்கூடத்தைப் பார்வையிட வருகிறவர். நான் தகுதிகாண் பருவத்தில் இருக்கும் புது ஆள். அவர் ஒரு வார்த்தை மாற்றிச் சொன்னால் வேலை போய்விடும். அந்த மனிதர் அன்று மதியமே வந்து நின்றார்.

எங்கள் மேனேஜர் ராமராஜ் சார் முன்னே வர, ஆடிட்டர் நேராகப் போய் இன்குபேட்டரைத் திறந்தார். மேல்தட்டு பார்த்தார். நடுத்தட்டு பார்த்தார். குனிந்தார்.

“மேடம், இது என்ன சாம்பிள்?”

என்னைக் காப்பாற்றுவதாக நினைத்து லேப் உதவியாளர் ஜெபா முந்திக்கொண்டாள்.

“கண்ட்ரோல் சாம்பிள் சார், ஒப்பிட்டுப் பாக்க!”

மேனேஜர் தாளைப் பிரித்தார். எவர்சில்வர் பளபளத்தது. கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு சத்தமாக வாசித்தார்: “தி. முத்தம்மாள்.”

“முத்தம்மாள் யாரு?” என்றார் ஆடிட்டர். “உங்க சப்ளையரா?”

மேனேஜர் என்னைப் பார்த்தார். ஜெபா தலையைக் குனிந்துகொண்டாள். ஆமாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும் போல இருந்தது. ஆனால் மாமியாரை சப்ளையர் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

“என் மாமியார் சார்” என்றேன். “உள்ளே இருக்கிறது தயிர்.”

அப்புறம் நிறுத்த முடியவில்லை. வீடு மாற்றியது, கவின் துப்பியது, மலைக்காற்று எல்லாம் கொட்டினேன். ஆடிட்டர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, “வீட்ல ஏன் உறையலை? பாத்திரம் எதுல கழுவுறீங்க?” என்றார்.

“அதெல்லாம் ரொம்பச் சுத்தம் சார். ப்ளீச்சிங் கரைசல்ல முக்கி, அலசாம அப்படியே கவிழ்த்து...”

வாக்கியம் பாதியில் நின்றது. எனக்குள் ஐந்து வருடப் படிப்பு மெதுவாக எழுந்து உட்கார்ந்தது: பாலை உறைய வைப்பதும் கிருமிதான்.

ஆடிட்டர் தன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “இங்க மைக்ரோபயாலஜிஸ்ட் நீங்கதானே, மேடம்?”

நிலம் பிளந்திருந்தால் உள்ளே போயிருப்பேன். (பிளக்கவில்லை. ஆலைத் தரை, கெட்டியாகப் போட்டிருந்தார்கள்.)

பிறகு என்ன? இன்குபேட்டரைக் காலி செய்து துடைத்தோம். உள்ளே இருந்த சோதனைகள் அத்தனையும் முதலிலிருந்து. என் தயிரை விதிப்படி பிரஷர் கருவியில் அவித்துக் கொட்டினோம். ஆடிட்டர் போனதும் மேனேஜர் என்னைக் கூப்பிட்டார். ராஜினாமாவை எப்படி எழுதுவது என்று யோசித்துக்கொண்டே போனேன்.

“ஏம்மா, பொய் சொல்ற ஆள வச்சுக்கிட்டு லேப் நடத்த முடியாது. தயிர் வைக்கிற ஆளத் திருத்திக்கிடலாம். போய் வேலையப் பாருங்க. அந்த ஜெபாப் பிள்ளைய வரச் சொல்லுங்க.”

வீட்டுக்குப் போய், சம்படம் ஆபீசுக்குப் போன கதையை மட்டும் அத்தையிடம் சொல்லிவிட்டு, அவருக்குத் தெரியாமல் எல்லாப் பாத்திரத்தையும் நல்ல தண்ணீரில் அலசினேன். உறைமோர் தீர்ந்திருந்தது, பக்கத்து வீட்டில் ஒரு கரண்டி வாங்கிக்கொண்டேன். மறுநாள் காலையில் தயிர் கத்தியால் வெட்டலாம் போல நின்றது.

“சம்படம் ஆபீசுக்குப் போய்ட்டு வந்த ராசி” என்றார் அத்தை. இன்றுவரை அவர் அப்படித்தான் நம்புகிறார். (இந்தக் கட்டுரையை அவருக்கு யாரும் வாசித்துக் காட்ட வேண்டாம்.)

ஆடிட்டரின் அறிக்கை பிறகு வந்தது. குறைகள் என்ற தலைப்பில், இன்குபேட்டரினுள் ‘தி. முத்தம்மாள்’ என்று பெயர் பொறித்த எவர்சில்வர் பாத்திரம், அதில் தயிர் என்று எழுதி, அடைப்புக்குறிக்குள் ‘நன்கு உறைந்தது’ என்றும் சேர்த்திருந்தார். இதைக் கணவரிடம் சொன்னது நான் செய்த அடுத்த தப்பு. இன்றும் போன் எடுத்தால் சௌக்கியமா என்று கேட்பதில்லை. “நல்லா உறைஞ்சுச்சா?” என்றுதான் ஆரம்பிக்கிறார். அத்தையோ, வெளிநாட்டுக் கம்பெனியே தன் தயிருக்கு எழுத்தில் நற்சான்று கொடுத்ததாக மடவார் வளாகம் முழுக்கச் சொல்லிவிட்டார்.

ஆலையில் அந்த இன்குபேட்டருக்கே முத்தம்மா என்று பேர் விழுந்துவிட்டது. “அக்கா, முத்தம்மாவைத் திறக்கட்டுமா?” என்பாள் ஜெபா.

போன ஆயுத பூஜைக்குக் குடும்பத்தோடு வரலாம் என்றார்கள். அத்தை பட்டுச்சேலை கட்டி வந்தார். சோதனைக்கூடத்துக்குள் வெளியாட்கள் நுழைய முடியாது; கண்ணாடி வழியாக மேனேஜரே இன்குபேட்டரைக் காட்டினார். அதன் மேல் ஜெபா எழுதி ஒட்டிய பேரை அத்தை எழுத்துக் கூட்டி வாசித்தார். கண் கலங்கிவிட்டது அவருக்கு. பிறகு என் பக்கம் திரும்பினார்.

“ஏட்டி, அந்த அடித்தட்டு இன்னும் சும்மாத்தான கெடக்கு? நாளைக்கு ஒரு தூக்குத் தோசை மாவு குடுத்து விடட்டா?”

மேனேஜர் என்னைப் பார்த்தார். நான் கவினின் சட்டைப் பொத்தானைச் சரிசெய்யக் குனிந்துவிட்டேன்.