செல்லசாமிக்கு வந்த குளிர்காலச் சீக்கு

மார்கழியில் செல்லசாமிக்கு இரண்டே இரண்டு எதிரிகள். ஒன்று குளிர். மற்றது விடியற்காலை. இரண்டும் கூட்டுச் சேர்ந்து வரும்போது அவனுக்கு ஒரே துணை, அப்பா காலத்துக் கம்பளி.

நுவரெலியாவுக்கு மேலே, கந்தப்பளைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டம் அது. மார்கழியில் பனி விழுந்து கொழுந்தே கருகிப்போகும். கொழுந்துக்கே அந்தக் கதி என்றால் நான் எம்மாத்திரம் என்று கேட்பான் செல்லசாமி. அதே குளிரில் அவன் மனைவி பூரணி நாலரைக்கு எழுந்து, அடுப்பு மூட்டி, மலைத்தண்ணீர் விழுகிற பொதுப் பீலியில் கேன் பிடித்து, ரொட்டி சுட்டு, வேலைக்கு ஆள் பிரிக்கிற பெரட்டுக்கு ஓடுவாள். இருபத்திரண்டு வருடமாக இதே ஓட்டம். அவள் கருகினாளா இல்லையா என்று அவன் பார்த்ததில்லை. கம்பளிக்குள்ளிருந்து அவ்வளவு தூரம் தெரியாது.

இந்த வருடம் ஒரு மாற்றம். மகள் தனுஜா ஐப்பசியில் கொழும்புக்கு வேலைக்குப் போனாள். அன்றிலிருந்து பூரணியின் பேச்சுக் குறைந்துபோனது. லயத்து வரிசை வீடுகளுக்கெல்லாம் கேட்கும்படி திட்டுகிறவள், ரொட்டித் தட்டை முன்னால் வைத்துவிட்டுப் பேசாமல் போனாள். வீடு சத்தமில்லாமல் இருக்கிறதே என்று செல்லசாமி சாமிக்கு நன்றி சொன்னான். அட, மனுசனே!

மார்கழி பாதியில் ஒருநாள் பூரணி கம்பளியைப் பிடித்து இழுத்தாள்.

"எந்திரிங்க. இன்னைக்கு அடுப்ப நீங்க மூட்டுங்க. எனக்கு என்னமோ முடியல."

"நாளைக்கு மூட்டுறேன்."

"நேத்தும் இதத்தான் சொன்னீங்க."

"சொன்ன பேச்சு மாறமாட்டேன் புள்ள."

அப்படிச் சொல்லிவிட்டாலும் அவனுக்குப் பயம் பிடித்துக்கொண்டது. இன்றைக்கு அடுப்பு என்பாள், நாளைக்கு ரொட்டி என்பாள். கம்பளியைக் காப்பாற்ற ஏதாவது வழி செய்தே ஆகவேண்டும்.

வழி அன்று பகலே போனில் வந்தது. தனுஜா ஒரு வீடியோ அனுப்பியிருந்தாள். இருபது நிமிடம். கண்ணாடி போட்ட டொக்டரம்மா ஒருத்தி பேசினாள். குளிர் காலத்தில் சிலருக்கு மனச்சோர்வு வரும். எவ்வளவு தூங்கினாலும் இன்னும் தூங்கச் சொல்லும். வேலை செய்யப் பிடிக்காது. அடிக்கடி பசிக்கும். பேசப் பிடிக்காது.

செல்லசாமி எழுந்து உட்கார்ந்துவிட்டான். நாலும் அவனுக்கு இருந்தது! அதுவும் பத்து வயதிலிருந்தே இருந்தது! இத்தனை வருடம் இதைச் சோம்பேறித்தனம் என்று ஊரே ஏசியிருக்கிறதே! அந்தச் சந்தோசத்தில் அப்படியே சாய்ந்தவன் ஏழாவது நிமிடத்தில் தூங்கிப்போனான்.

பூரணி கூடையை இறக்கிவைத்ததும் முனகலை ஆரம்பித்தான்.

"பூரணி, எனக்கு ஒரு சீக்கு."

"என்ன சீக்கு?"

"மனச்சோர்வு. படிச்ச டொக்டர் சொல்லுது. ஓய்வா படுத்திருக்கணும். சூடா சாப்பிடணும். யாரும் ஏசக்கூடாது."

"டொக்டர் அப்படியா சொல்லுச்சு?"

"பின்ன? நம்பிக்கையில்லாட்டி நீயே பாரு."

போனை அவனே தூக்கிக் கொடுத்தான். சிக்னல் கிடைக்கிற வாசல் இஸ்தோப்பு மூலைக்குப் போய், முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு, இருபது நிமிடமும் பார்த்தாள் பூரணி. திரும்பி வந்தபோது அவள் கண் கலங்கியிருந்தது. என் மேல் இவளுக்கு இவ்வளவு பாசமா என்று செல்லசாமி உருகிப்போனான்.

"நீங்க சொன்னது சரிதாங்க," என்றாள் மெதுவாக. "சீக்கு இருக்கு. மருந்தும் சொல்லியிருக்காங்க. நாளையில இருந்து ஆரம்பிச்சிருவோம்."

மருந்து நாலரை மணிக்கே ஆரம்பித்தது. கம்பளி உருவப்பட்டது.

"எந்திரிங்க. கண்ணுல வெளிச்சம் படணும்."

"எங்கடி வெளிச்சம்? வெளிய கருகும்முனு இருக்கு. பனி விலகிச் சூரியன் தெரியவே ஒன்பது மணியாகும்."

"அதுவரைக்கும் சீக்கு காத்துக்கிட்டு இருக்குமா? இந்த வீட்டுல வெளிச்சமுள்ள எடம் அடுப்புதான். போய் முன்னால ஒக்காருங்க."

"அடுப்பு எரியலையே!"

"எரிய வைங்க."

தேயிலை மிலாறு விறகு பனியில் நனைந்து கிடந்தது. அரைமணி நேரம் ஊதினான். அடுப்பு பற்றியதும், சும்மா எரிகிறதே என்று கேத்தலை வைக்கச் சொன்னாள். தண்ணி கொதிக்கிறதே என்று தேத்தண்ணி ஊற்றச் சொன்னாள். கம்பளிக்குள்ளிருந்து ஒரு கை நீண்டு கோப்பையை வாங்கிக்கொண்டது.

"இஞ்சி தட்டிப் போடலையா?"

"சீக்கு எனக்கா, ஒனக்கா?"

"சீக்காளி கோவப்படக்கூடாதாம். டொக்டர் சொன்னாங்க."

அடுத்த மருந்து பீலியில். தனியாக முடங்கிக் கிடக்காமல் நாலு பேரோடு பேசவேண்டுமாம். விடியற்காலை ஐந்தரைக்கு நாலு பேர் நிற்கிற இடம் பீலி ஒன்றுதான். வெறுங்கையோடு போனால் நன்றாக இருக்காது என்று இரண்டு கேனையும் கொடுத்து அனுப்பினாள்.

அடுத்த வீட்டுச் சிசிலி அவனைப் பார்த்ததும் கேனைக் கீழே வைத்துவிட்டாள்.

"என்னண்ணே, பூரணியக்காவுக்கு ஒடம்புக்கு முடியலையா?"

"அவளுக்கு ஒண்ணுமில்ல. எனக்குத்தான் சீக்கு."

"சீக்குக்காரரா தண்ணி தூக்குறீங்க?"

"இதுதான் மருந்து."

"என்ன செய்யும் அந்தச் சீக்கு?"

"தூக்கமா வரும். வேலை செய்யப் பிடிக்காது. எந்நேரமும் பசிக்கும்."

சிசிலி நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டாள். "மாதாவே! எங்க றோலண்டுக்கும் கலியாணம் கட்டுன நாள்ல இருந்து இதே சீக்குத்தான் அண்ணே! மருந்து இருக்குன்னு தெரியாமப் போச்சே!"

மூன்றாம் நாள் றோலண்ட் பீலிக்கு வந்தான். தலையில் துவாய், இரண்டு கையிலும் கேன். வாரம் முடிவதற்குள் லயத்தில் இன்னும் மூன்று சீக்காளிகள் கண்டுபிடிக்கப்பட்டார்கள். ஐந்து ஆம்பளைகள் குளிரில் வரிசையாக நின்றார்கள். அதில் நாலு பேர் செல்லசாமியோடு பேசவில்லை. நாலு பேரோடு பேசுகிற மருந்து அதோடு கெட்டது.

ஒன்பதாம் நாள் செல்லசாமி நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு சொன்னான்.

"பூரணி, எனக்குச் சொகமாயிருச்சு."

"அப்ப மருந்து நல்லா கேக்குதுங்க. பாதியில விட்டா திரும்பி வந்துரும். விடாமச் செய்யுங்க."

பத்தாம் நாள் வேறு பக்கமாக வந்தான்.

"இல்ல புள்ள, சொகமாகல. இந்த மருந்து எனக்கு ஒத்துக்கல போல."

"அப்ப மருந்து பத்தல. நாளையில இருந்து ரொட்டியும் நீங்களே சுடுங்க."

வீடியோவின் மிச்சத்தைப் பார்த்துவிடலாமா என்று இரண்டு தரம் போனைக் கையில் எடுத்தான். பதின்மூன்று நிமிடம் பாக்கி இருந்தது. அதற்குள் இன்னும் எத்தனை மருந்து இருக்குமோ! பயந்து கீழே வைத்துவிட்டான்.

ஒன்றை மட்டும் ஒத்துக்கொள்ளத்தான் வேண்டும். பூரணி இப்போது ஆறு மணி வரை தூங்கினாள். எழுந்து, அடுப்புக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, அவன் சுட்ட ரொட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "இது எந்த ஊரு வரைபடம்?" என்று கேட்டாள். கேட்டுவிட்டுச் சிரித்தாள். ஐப்பசிக்குப் பிறகு அவள் சிரித்து அவன் கேட்டது அன்றைக்குத்தான். அவள் சிரிக்காமல் இருந்ததே அப்போதுதான் அவனுக்கு உறைத்தது. கொஞ்சம் வெட்கமாகவும் இருந்தது. அடுத்த ரொட்டியை வட்டமாகத் தட்டப் பார்த்தான்.

பொங்கலுக்கு முதல்நாள் தனுஜா முதல் பஸ்ஸில் வந்து இறங்கினாள். கதவைத் தள்ளினால், அடுப்பு முன்னால் அப்பா. முகமெல்லாம் கரி. கையில் மாவு. கம்பளிக்குள் அம்மா. கையில் இஞ்சித் தேத்தண்ணி.

பையைப் போட்டுவிட்டு ஓடிவந்து அப்பாவைக் கட்டிக்கொண்டாள்.

"அப்பா! நான் நெனச்சே பாக்கல! முழுசா பாத்து, அதே மாதிரி செய்றீங்களே!"

"எத?"

"நான் அனுப்புன வீடியோவ! அம்மா போன்ல சரியா பேசவே இல்ல. எந்திரிக்கவே முடியல, ஒண்ணும் பிடிக்கலன்னு அழுதாங்க. அதான் ஒங்களுக்கு அனுப்புனேன். பொம்பளைங்களுக்குத்தான் இது கூடுதலா வருமாம், வீட்டுக்காரர் காலையில எந்திரிச்சு வேலையப் பங்கு போட்டுக்கணும்னு கடைசியில டொக்டர் சொல்லுவாங்களே!"

செல்லசாமி ஊதாங்குழலைக் கீழே வைத்தான். கையைத் துடைத்தான். போனை எடுத்து மிச்சம் பதின்மூன்று நிமிடத்தையும் நின்றபடியே பார்த்தான். மகள் சொன்னது ஒரு வார்த்தை பிசகவில்லை. கல்லில் கிடந்த ரொட்டி தீய்ந்துபோனது.

"ஏன்டி," என்றான் கடைசியில். கோபமாகக் கேட்கத்தான் நினைத்தான், கெஞ்சலாக வந்தது. "சீக்கு ஒனக்குன்னு சொல்லியிருந்தா நான் செஞ்சிருக்க மாட்டேனா?"

"முடியலன்னு சொன்னேனே. நாளைக்குன்னீங்க."

அவன் தீய்ந்த ரொட்டியைக் கல்லிலிருந்து எடுத்துப் போட்டான். பூரணி காலிக் கோப்பையை நீட்டினாள். கம்பளியைக் கழுத்து வரை இழுத்துவிட்டுக்கொண்டாள்.

"அத விடுங்க. மருந்த நீங்க சாப்பிட்டீங்க, எனக்குச் சொகமாயிருச்சு. பாதியில மட்டும் விட்டுறாதீங்க."