பதினெட்டுக் குதிரையும் பதினாலாம் பிரிவும்

நெருப்பு, சக்கரம், நீராவி என்று மூன்று படி ஏறி மூச்சு வாங்கிக்கொண்டு நின்ற மனித நாகரிகத்தை, 1962ஆம் ஆண்டு தை மாதத்தில் நாலாவது படிக்குத் தூக்கிவிட்ட பெருமை முதிரையடிக்குளம் மீன்பிடி அபிவிருத்திச் சங்கத்தையே சாரும். அக்கராயனுக்கு அப்பால், கிறவல் ரோட்டு முடிந்து மாட்டுவண்டித் தடம் தொடங்குகிற இடத்தில் இது நடந்தபடியால் உலகம் கவனிக்கவில்லை. நட்டம் உலகத்துக்குத்தான்.

சும்மா சொல்லக்கூடாது, நிர்வாக சபை என்றால் அது நிர்வாக சபை. தலைவர் தில்லைநாதன் ஓய்வு பெற்ற தபாலதிபர். குடியேற்றத் திட்டத்தில் வயற்காணி எடுத்து யாழ்ப்பாணத்திலிருந்து வந்தவர். செயலாளர் சிற்றம்பலம் மாஸ்டர், நித்திரையிலும் சங்கத்தின் யாப்பு விதிகளைப் பிரிவு வாரியாகச் சொல்லக்கூடியவர். தொழில்நுட்ப ஆலோசகர் கனகலிங்கம், ஊரிலே முதன்முதல் தண்ணீர் இறைக்கும் மெசின் வாங்கியவர். மாதர் பிரிவுக்குத் தலைவரின் மனைவி நாகேஸ்வரி அம்மா. இன்னும் இரண்டு பேர் இருந்தார்கள். ஒருவர் பிரேரிப்பதற்கு, மற்றவர் ஆமோதிப்பதற்கு. இந்த ஆறு பேரும் பிறந்த நாளிலிருந்து மீன் மச்சம் வாயில் வைக்காத சைவர்கள். அதுவே அவர்களுடைய தகைமை.

"மீன் தின்னுறவன் மீனைப் பற்றி நடுநிலையா யோசிக்க மாட்டான்" என்று தலைவர் முதற்கூட்டத்திலேயே விளக்கினார். கைதட்டினார்கள்.

அந்தக் குளத்தில் மீன் பிடிக்கத் தெரிந்த ஒரே ஆள் கலந்தர். நாச்சிக்குடாக் கரையில் பிறந்தவன். கைருன்னிஸாவைக் கலியாணம் முடித்தபின் இந்தக் குளக்கட்டுக்குக் கீழே கொட்டில் போட்டுக் குடியிருந்தான். நாலு கட்டையைச் சேர்த்துக் கட்டிய ஒரு தெப்பம், ஒரு வீச்சுவலை, ஒரு பழைய சைக்கிள். விடியப் பிடிக்கிற மீனைச் சைக்கிளில் கொண்டுபோய் வீடு வீடாக நெல்லுக்கு மாற்றி நாலு பிள்ளைகளை வளர்த்து வந்தான். அவனை அங்கத்தவனாகச் சேர்க்கவில்லை. மூன்றாம் பிரிவின்படி, 'மீன்பிடியால் நேரடி நன்மை அடைவோர்' மீன்பிடிச் சங்கத்தில் சேர முடியாது. ஊழலை உள்ளே விடாமல் வாசலிலேயே மறித்த பிரிவு அது.

ஆனால் பதினாலாம் பிரிவு அவனையும் மறக்கவில்லை. அரசாங்க மீன்பிடி இலாகா கொடுக்கப்போகும் 'அலுமினிய வள்ளமும் வெளியிணைப்பு எந்திரமும்' தெரிவு செய்யப்பட்டு, வந்து, வெள்ளோட்டம் முடித்துக் கரை திரும்பும்வரை, பழைய முறைக் கலன்களோ வலைகளோ குளத்தில் இறக்கப்படலாகாது. சிற்றம்பலம் மாஸ்டர் இதைப் பலகையில் எழுதுவித்து, கலந்தருடைய கொட்டில் வாசலில் நின்ற முதிரை மரத்திலேயே அடிப்பித்தார்.

"ஏன் மாஸ்டர்?" என்று கலந்தர் கேட்டான்.

"நீ இப்பிடி அநாகரிகமாப் பிடிச்சுக்கொண்டிருந்தால், மீனுக்கெல்லாம் சங்கத்தைப் பற்றிப் பிழையான அபிப்பிராயம் வந்திடும்."

"அப்ப எவ்வளவு காலத்துக்கு?"

"ஒரு வள்ளம் தெரிவு செய்யிறதுதானே தம்பி, ஒரு கிழமை, ஏழே நாள்."

அந்தக் கிழமை இரண்டு வருடமும் இரண்டு மாதமும் நீடித்தது. அவசரப்பட்டுத் தெரிவு செய்வதற்கு அதென்ன கத்தரிக்காயா?

முதலில் வள்ளம் விற்கிற கம்பனியின் படப்புத்தகம் வந்தது. பன்னிரண்டு அடி, பதினாலு அடி, பதினாறு அடி என்று மூன்று வள்ளங்கள் அதில் பளபளத்தன. ஒவ்வொன்றிலும் தொப்பி போட்ட ஒரு துரையும், அநியாயத்துக்குக் குறைவாக உடுத்த ஒரு துரைசானியும் இருந்தார்கள். துரைசானி இருந்த இடங்களை நாகேஸ்வரி அம்மா கடதாசி ஒட்டி மறைத்தபின்புதான் புத்தகம் சபைக்கு வந்தது. அப்படி மறைத்ததில் எந்திரங்களும் சேர்ந்து மறைந்துபோனது பிறகுதான் தெரிந்தது.

நீளத்தைத் தீர்மானிக்க எட்டு மாதம். கூட்டம் நடக்கிற வாசிகசாலையின் யன்னலுக்கு வெளியே நின்று கேட்டுக்கொண்டிருந்த கலந்தருக்குப் பொறுக்க முடியவில்லை.

"ஐயா, பன்னிரண்டு அடி காணும். அடி தட்டையா இருக்கவேணும், குளத்துக்குள்ள பட்டமரக் குத்தியள் கிடக்கு."

"பன்னிரண்டு அடியில சபை முழுக்க இருக்க ஏலாது" என்றார் தலைவர். "வெள்ளோட்டத்துக்கு ஆறு பேர், பிரதம விருந்தினர் ஒராள். ஏழு பேர். பதினாறு அடிதான் வேணும்."

"அப்ப மீனை எங்க ஐயா போடுறது?"

தலைவர் அவனைப் பரிதாபமாகப் பார்த்தார். "மீன் தண்ணிக்குள்ளதானே இருக்கும்?"

பிரேரித்தார்கள், ஆமோதித்தார்கள், பதினாறடி நிறைவேறியது. கலந்தர் சொன்னது குறிப்பில் ஏறவில்லை. அங்கத்தவரல்லாதவரின் கதை காற்றோடு போகவேண்டும் என்று ஒன்பதாம் பிரிவு சொல்கிறது.

அடுத்ததாக எழுந்தது அலுமினியப் பிரச்சினை. ஊரிலே அலுமினியம் அறிந்தவர் நாகேஸ்வரி அம்மா ஒருவர்தான். சந்தையில் அவர் சுண்டிப் பார்த்துச் சத்தம் கேட்டு வாங்கிய சட்டி பானைகள் இன்றைக்கும் குசினியில் இருக்கின்றன. அவர் எழுந்து நின்று கேட்ட கேள்வியில் சபை ஆடிப்போயிற்று.

"அலுமினியத்தில புளி பட்டால் கறுத்து ஓட்டை விழுமல்லோ? குளத்துத் தண்ணி புளிப்போ இல்லையோ எண்டு ஆராவது பாத்தவையோ?"

ஒருவரும் பார்த்திருக்கவில்லை. உடனே 'புளிப்புப் பரிசோதனை உபகுழு' அமைந்தது. பிரேரிப்பவரும் ஆமோதிப்பவரும் மூன்று மாதம் விடிய எழும்பி, வெறுவயிற்றில், குளத்தின் நாலு மூலையிலும் ஒவ்வொரு கரண்டி தண்ணீர் நக்கிப் பார்த்தார்கள். எருமை படுத்திருந்த மூலையில் அபிப்பிராய பேதம் ஏற்பட்டு, ஒரு மாதம் கூடுதலாக நக்கவேண்டி வந்தது. கடைசியில் அறிக்கை சமர்ப்பித்தார்கள்: 'புளிப்பில்லை. சேற்று மணம் உண்டு. உப்புப் போட்டால் பரவாயில்லை.'

அன்றைக்குப் பின்னேரம் கலந்தர் மண்வெட்டியோடு வீட்டுக்கு வந்தான். இந்த நாட்களில் அவன் பிறத்தியாருடைய வயலில் வரம்பு கட்டிக்கொண்டிருந்தான். அதுவும் கிழமையில் இரண்டு நாள் கிடைத்தால் பெரிய காரியம்.

"இஞ்சேருங்கோ, இண்டைக்கு என்ன முடிவாம்?" என்று கைருன்னிஸா கேட்டாள்.

"தண்ணி புளிக்கேல்லையாம்."

"அதை என்னட்டக் கேட்டிருந்தால் சொல்லியிருப்பனே, புளியும் இல்லை மீனும் இல்லையெண்டு. புள்ளையள் முருங்கையிலையைக் கண்டால் எழும்பி ஓடுதுகள். சின்னவன் கேக்கிறான், வாப்பா முந்தி ஒண்டு கொண்டு வாறவர், வாலெல்லாம் இருக்கும், அது என்னெண்டு."

கலந்தர் மண்வெட்டியைச் சாத்திவிட்டுத் திரும்பினான். வாசலில் பலகையடியில் கவிழ்த்துக் கிடந்த தெப்பத்தில் கறையான் ஏறியிருந்தது. தட்டிவிட்டான். ஒரு நாள் இதைத் தண்ணீரில் இறக்காவிட்டால் தானும் கறையான் பிடித்துப் போய்விடுவேன் என்று அவனுக்குப் பயமாக இருந்தது.

பிறகு குதிரை. எந்திரத்தின் பலத்தைக் குதிரைக் கணக்கிலே சொல்வார்கள் என்று கனகலிங்கம் விளக்கியபோது, ஆமோதிப்பவர் புல்லுக்கு என்ன ஏற்பாடு என்று கேட்டார். அது குறிப்பில் இருக்கிறது.

"பக்கத்துக் குடியேற்றத்தார் பத்துக் குதிரை கேட்டிருக்கினமாம்" என்றார் கனகலிங்கம். "அவைக்குப் பத்தெண்டால் எங்களுக்குப் பதினெட்டு!"

யன்னலுக்கு வெளியே கலந்தர் தலையில் கை வைத்தான். "ஐயா, இந்தக் கரையில நிண்டு கூப்பிட்டால் அந்தக் கரையில கேக்கிற குளம் இது. மூண்டு குதிரை தாராளம். குளம் முழுக்கத் தாமரைக்கொடி. அடியில சுத்திற விசிறியில கொடி சுத்தினால் எத்தினை குதிரை நிண்டும் வேலையில்லை. எதுக்கும் ரெண்டு துடுப்பாவது வாங்குங்கோ."

"துடுப்போ!" தலைவருக்குக் கோபம் வந்துவிட்டது. "பதினெட்டுக் குதிரையைக் கட்டிப்போட்டுக் கையில துடுப்பை வைச்சிருந்தால், அது மெசினை அவமதிக்கிற மாதிரி எல்லோ?"

துடுப்பு ஏகமனதாக நிராகரிக்கப்பட்டது.

1964 பங்குனியில் கிளிநொச்சி ஸ்டேசனிலிருந்து லொறியில் வள்ளம் வந்து இறங்கியது. வாழைமரம் கட்டி, மேளம் பிடித்து, முதிரையடிக்குளம் அன்றைக்குக் கண்ட கோலத்தை இனிக் காணப்போவதில்லை. இலாகாவிலிருந்து ஓர் உத்தியோகத்தர் வெள்ளைக் காற்சட்டையோடு பிரதம விருந்தினராக வந்தார். சுபநேரத்தில் தலைவர் தேங்காயை வள்ளத்தின் மூக்கிலே ஓங்கி அடித்தார். தேங்காய் உடையவில்லை. மூக்குத்தான் உள்ளே போயிற்று. நாகேஸ்வரி அம்மா ஓடிப்போய்ச் சுண்டிப் பார்த்து, "சத்தம் மாறிப் போச்சு" என்று கவலைப்பட்டார்.

ஏழு பேரும் ஏறினார்கள். கனகலிங்கம் எந்திரத்தின் கயிற்றை இழுத்தார், இழுத்தார், இன்னும் இழுத்தார். பதினேழாவது தரம் பதினெட்டுக் குதிரையும் ஒன்றாய் எழும்பின. அதன்பிறகு நடந்தது ஒருவர் கண்ணுக்கும் சரியாகத் தெரியவில்லை. புகை தெரிந்தது, ஒரு சால்வை பறந்தது தெரிந்தது. மேளகாரர் தவிலில் ஓர் அடி போட்டு அடுத்த அடிக்குக் கை ஓங்குமுன், வள்ளம் நடுக்குளத்துத் தாமரைக் காட்டுக்குள்ளே 'கிறீச்' என்று நின்றுவிட்டது.

விசிறியைச் சுற்றிப் பெரிய உருண்டையாகத் தாமரைக்கொடி. பாரம் கூடிப் போனதால் விளிம்பால் தண்ணீர் எட்டிப் பார்த்தது. சபையில் ஒருவருக்கும் நீந்தத் தெரியாது. அது போதாதென்று, வடக்கு மூலையில் வெயில் காய்ந்துகொண்டிருந்த, எந்தக் கூட்டக் குறிப்பிலும் இடம்பெறாத முதலை ஒன்று மெல்லத் தண்ணீரில் இறங்கியது.

"கலந்தர்!" என்று தலைவர் கத்தினார். "தம்பி கலந்தர்! தெப்பத்தைக் கொண்டு ஓடி வா!"

கலந்தர் கரையில் கைகட்டி நின்றான். கூப்பிட்டால் கேட்கிற குளம் என்று அவன் சொன்னது சரிதான். ஒவ்வொரு சொல்லும் கேட்டது. இரண்டு வருடமாக வாசலில் வாசித்து வாசித்து மனப்பாடமானதை அவனும் கத்திச் சொன்னான்.

"ஐயா, பதினாலாம் பிரிவு! வள்ளம் வெள்ளோட்டம் முடிச்சுக் கரை திரும்பும்வரை பழைய முறைக் கலன்கள் இறக்கப்படலாகாது! நீங்கள் இன்னும் திரும்பேல்லை!"

வள்ளத்துக்குள்ளிருந்து நாகேஸ்வரி அம்மாவின் குரல் கேட்டது. "என்னப்பா பாத்துக்கொண்டிருக்கிறியள்? கூட்டத்தைக் கூட்டுங்கோவன்!"

சங்க வரலாற்றிலேயே மிகக் குறுகிய கூட்டம் அதுதான். சபை முழுக்க வள்ளத்துக்குள் இருந்தபடியால் கோரம் இருந்தது. பார்த்தவர்களுக்கும் கோரமாகத்தான் இருந்தது.

"பதினாலாம் பிரிவை இண்டைக்கு மட்டும் நிறுத்தி வைக்கிறம்!" என்று மாஸ்டர் கத்தினார்.

"கேக்கேல்லை மாஸ்டர்!"

முதலை கொஞ்சம் கிட்ட வந்தது.

"ஒரு மாசத்துக்கு!"

"காத்து மற்றப் பக்கம் அடிக்குது மாஸ்டர்!"

"என்றென்றைக்கும் நீக்குறம்! தெப்பம், வலை எல்லாம் இறக்கலாம்!" பிரேரிப்பவர் அழுதார். ஆமோதிப்பவரும் அழுதுகொண்டே ஆமோதித்தார்.

இது தெளிவாகக் கேட்டது. கலந்தரும் கைருன்னிஸாவும் தெப்பத்தைத் தள்ளி இறக்கினார்கள். கலந்தர் கம்பை ஊன்றிப் போய், முதலையின் மூக்குக்கு முன்னால் தண்ணீரில் இரண்டு அடி அடித்தான். அது அலுத்துப்போய்த் திரும்பிற்று. வள்ளத்தைக் கயிற்றில் கட்டிக் கரைவரைக்கும் இழுத்து வந்தான்.

வெள்ளைக் காற்சட்டை கறுத்துப்போன உத்தியோகத்தரும் மாஸ்டரும் மட்டுமே இறங்கியிருந்தார்கள். கால் தரையில் பட்டதும் மாஸ்டருக்கு யாப்பு ஞாபகம் வந்துவிட்டது. தொண்டையைக் கனைத்தார்.

"ஒரு சின்ன விசயம், தம்பி. கூட்டத்துக்கு ஏழு நாள் முன்னறிவித்தல் குடுக்கேல்லை. குறிப்புப் புத்தகமும் கரையிலதான் கிடந்தது. அதால, நடுக்குளத்தில எடுத்த முடிவு செல்லாது."

கலந்தர் கொஞ்சம் யோசித்தான். பிறகு மரியாதையாகத் தலையை ஆட்டினான்.

"ஓம் மாஸ்டர், சட்டம் சட்டம்தானே. அப்ப நான் உங்களை இழுத்துக்கொண்டு வந்ததும் செல்லாது. ஏறுங்கோ, எடுத்த இடத்திலேயே விட்டிட்டு வாறன்."

சொல்லிக்கொண்டே வள்ளத்தைக் காலால் மெல்லத் தள்ளினான். உள்ளே இன்னும் இறங்காமல் ஐந்து பேர். "ஐயோ, மாஸ்டர், ஒப்பம் போடும்!" என்று தலைவர் அலறிய அலறலில் தாமரைக்குள் இருந்த கொக்குகள் எல்லாம் கிளம்பிவிட்டன. மாஸ்டர் குறிப்புப் புத்தகத்தை எடுத்துப் போட்டார். போட்ட இடத்திலேயே சபையும் வரிசையாக இறங்கி ஒப்பம் வைத்தது. கைருன்னிஸா முதிரை மரத்துப் பலகையைக் கழற்றி, அடுப்புக்கு ஆகும் என்று எடுத்துப் போனாள்.

உத்தியோகத்தருக்குத் தலை சுற்றிக்கொண்டிருந்தது. இருந்தாலும் அரசாங்க உத்தியோகத்தர். வந்த வேலையை முடிக்காமல் போவாரா? நனைந்த பையிலிருந்து ஒரு படிவத்தை எடுத்து விரித்தார்.

"சரி, இதை நிரப்பவேணும். 'சங்கம் இதுவரை பிடித்தவை.' சொல்லுங்கோ, ரெண்டு வருசமா என்ன பிடிச்சனீங்கள்?"

தலைவர் மாஸ்டரைப் பார்த்தார். மாஸ்டர் கனகலிங்கத்தைப் பார்த்தார். கனகலிங்கம் எந்திரத்தைப் பார்த்தார்.

"என்ர கையை, ஐயா" என்றான் கலந்தர். வலையைத் தோளில் போட்டுக்கொண்டு ஏற்கெனவே முழங்கால் தண்ணீரில் நின்றான். "ரெண்டு வருசமா இறுக்கிப் பிடிச்சு வைச்சிருந்தவை."

உத்தியோகத்தர் பழக்க தோசத்தில் அடுத்த பத்திக்குப் போனார். "நிறை?"

"கை ரெண்டு. அதை நம்பிக் கிடந்த வயிறு ஆறு. நிறுத்து எழுதுங்கோ."