நேரே பார்க்கும் வம்சம்

வம்சப் பெருமைக்காரரை நீங்கள் தேடிப் போக வேண்டாம். ஒரு தும்மல் போட்டால் போதும், அவரே வந்துவிடுவார். "ஜலதோஷமா? எங்க வம்சத்துல யாருக்கும் கிடையாது. ரத்தம் அப்படி!" உங்களுக்குக் காய்ச்சல் என்றால் அவருடைய தாத்தா தொண்ணூறு வயதில் மழையில் நனைந்த கதை வரும், பல்வலி என்றால் பெரியப்பா முப்பத்திரண்டு பல்லோடு போய்ச் சேர்ந்த கதை வரும், ஒன்றுமில்லை, சும்மா உட்கார்ந்திருக்கிறேன் என்றால் சித்தப்பா சும்மா உட்கார்ந்ததே இல்லை என்ற கதை வரும். தப்பிக்க வழியுண்டா? இல்லை.

அப்படிப்பட்டவர்களில் ஒருவர் என் அக்காவைக் கட்டிக்கொண்டார். அத்தான் என்று கூப்பிட்டே ஆக வேண்டும்.

அத்தானின் வம்சத்துக்கு எதிர்ப்புச் சக்தி ஒரு பெருமை என்றால், நேர் பார்வை இன்னொன்று. அந்த வீட்டு ஆண்கள் அக்கம்பக்கம் பார்க்க மாட்டார்களாம். அத்தானின் அப்பா நடந்தால் நாற்காலி கவிழும், கதவில் தோள் இடிக்கும், பக்கத்தில் நின்று வணக்கம் சொன்னவர்கள் கூப்பிய கையோடு நிற்பார்கள். "கம்பீரம்!" என்பார் அத்தான். சென்ற ஆண்டு அந்தக் கம்பீரம் இவருக்கும் வந்து சேர்ந்தது. இடப்பக்கமிருந்து அக்கா நீட்டிய காப்பியை ஒரே வாரத்தில் மூன்று முறை தட்டிவிட்டார்.

"ஏங்க, டாக்டர்கிட்ட கண்ணைக் காட்டுங்களேன்."

"கண்ணுக்கென்ன? பேப்பர்ல பொடி எழுத்தெல்லாம் வாசிக்கிறேன். நீ டம்ளரை நேரா நீட்டு."

பிறகு ஒரு நாள், மகளைப் பின்னால் உட்காரவைத்து ஸ்கூட்டர் ஓட்டியவர், இடப்பக்கம் வந்த சைக்கிளைப் பார்க்காமல் திருப்பிவிட்டார். நல்லவேளை, யாருக்கும் அடியில்லை. அக்கா ஸ்கூட்டர் சாவியை எடுத்து பீரோவில் பூட்டினாள். கண்ணைக் காட்டினால்தான் சாவி.

அக்காவோடு நானும் துணைக்குப் போனேன். கண் ஆஸ்பத்திரியில் ஓர் இருட்டறை. ஒரு கருவியில் மோவாயை வைத்து நேரே பார்க்க வேண்டும். எங்காவது வெளிச்சப் புள்ளி தெரிந்தால் கையிலுள்ள பொத்தானை அமுக்க வேண்டும். "நேரா பாக்கணுமா? எங்க வம்சத்துக்கே அதுதானேம்மா வேலை!" என்று அத்தான் உட்கார்ந்தார். தந்தி அடிப்பதுபோல் டக்டக்கென்று ஒரே சத்தம். பரிசோதனை செய்த பெண் கருவியை நிறுத்தினாள்.

"சார், வெளிச்சம் வராதப்பவும் அமுக்கறீங்க. இது பரீட்சை இல்ல சார்."

"ஒண்ணையும் விட்டுடக் கூடாதுன்னுதாம்மா..."

இரண்டாம் முறை ஒழுங்காகச் செய்தார். வந்த தாளில் ஓரமெல்லாம் கறுப்பு.

"கிளாக்கோமா" என்றார் டாக்டர். "கண்ணுக்குள்ள அழுத்தம் கூடி நரம்பு கெட்டிருக்கு. ஓரப் பார்வைதான் முதல்ல போகும். நேர் பார்வை கடைசி வரைக்கும் இருக்கும், அதனால ஆளுக்கே தெரியாது. குடும்பத்துல வேற யாருக்காவது உண்டா?"

அத்தான் வாயைத் திறந்தார். நாற்காலி, கதவு, கூப்பிய கைகள் எல்லாம் நினைவுக்கு வந்திருக்க வேண்டும். மூடிக்கொண்டார்.

"எங்க மாமனார் கதவுல இடிச்சுப்பார், டாக்டர்" என்றாள் அக்கா.

"ஆனா எங்களுக்கு எதிர்ப்புச் சக்தி ஜாஸ்தியாச்சே!"

"எதிர்ப்புச் சக்தியை நடத்துற சில மரபணுக்கள்ல இருக்கற சின்ன வித்தியாசத்துக்கும் இந்த நோய்க்கும் தொடர்பு இருக்கலாம்னு ஆராய்ச்சி நடக்குது. இன்னும் முடிவாச் சொல்ல முடியாது. காவலுக்கு வச்ச ஆளே சில சமயம் வீட்டுச் சாமானை உடைப்பான் இல்லையா? போன பார்வை திரும்பாது. இருக்கறதைச் சொட்டு மருந்து போட்டுக் காப்பாத்தலாம். கூடப் பிறந்தவங்களையும் வரச் சொல்லுங்க."

வெளியே பெஞ்சில் அத்தான் அந்தக் கறுப்புத் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்தார். எனக்கு உண்மையாகவே பாவமாக இருந்தது. இத்தனை நாள் கேலி செய்ததற்கு வெட்கமாகவும் இருந்தது. ஐந்து நிமிடம்தான். பிறகு தம்பிக்குப் போன் போட்டார்.

"டேய், கண்ட கண்ட வியாதி இல்லடா, மரபணு! நம்ம ரத்தத்துலயே இருக்கு. நாளைக்கே வந்து கண்ணைக் காட்டு."

மறுமுனைக் குரல் எங்களுக்கும் கேட்டது. "எனக்கெல்லாம் வராதுண்ணே. நான் அம்மா சாடை."

சாவி இன்னும் பீரோவில்தான் இருக்கிறது.

நீங்கள் சிரிக்கிறீர்கள். "நல்லவேளை, எங்க குடும்பத்துல இப்படி யாரும் கிடையாது" என்று சொல்லிக்கொள்கிறீர்கள். அந்த வாக்கியத்தை இப்போதுதானே எங்கோ கேட்டோம்? போகட்டும். இந்தத் தாளிலிருந்து கண்ணை எடுக்காமல் ஒன்று சொல்லுங்கள்: இடப்பக்கம் யாரோ வெகுநேரமாகக் காப்பியை நீட்டிக்கொண்டு நிற்கிறார்களே, பார்த்தீர்களா?