ஒல்லியனுக்குத் தனி வாளி

யாராவது பசித்து நிற்பதைக் கண்டால் என் கை தானாக அகப்பையைத் தேடும். புத்தி பிறகுதான் வரும். (நான் சொல்லச் சொல்லப் பேத்தி எழுதுகிறாள். எனக்குக் கையெழுத்தும் வராது. இதையும் எழுது பிள்ளை.)

இரண்டாயிரத்துச் சொச்சம். கனடாவில், மொன்றியல் நகரில் எனக்கு முதல் பனிக்காலம். லாசால் பகுதி வீட்டில் தனியே இருந்து சுவரைப் பார்த்து அழுகிறேன் என்று, மகன் குமரன் சனிக்கிழமைகளில் என்னையும் வேலைக்குக் கூட்டிப்போனான். சென்ட்-ஆன்-டி-பெல்வ்யூ என்ற ஊருக்கு அப்பால் ஒரு மாட்டுப் பண்ணை. ஒவ்வொரு மாடும் தேர் மாதிரி. பால் கறக்கிற பாத்திரம் ஒன்றையும் காணவில்லை. அப்போதே யோசித்திருக்க வேண்டும். (எங்க யோசிச்சன்? குளிரில மூளையும் விறைச்சுப் போச்சு.)

நீளமாக ஒரு தொட்டி. எல்லாவற்றுக்கும் அதில் இடம் காணாது. பெரியவை இடித்துத் தின்ன, ஒரு சிவப்பு நாம்பன் கன்று மட்டும் பின்னால் தலையைத் தொங்கப்போட்டு நின்றது. அதற்கும் எனக்கும் அப்போது ஒரே முகம். ஒல்லியன் என்று பெயர் வைத்தேன்.

"உது செத்துப்போகுமடா!"

"இடிபட்டுத் தின்னத் தெரியாது அம்மா. மிச்சம்தான் கிடைக்குது. அதுதான் எடை ஏறுதில்லை."

"அப்ப தனி வாளியில வையன்!"

குமரன் கேட்க, முதலாளியும் சம்மதித்தார். அன்றிலிருந்து வாளிக்குப் பக்கத்தில் விளக்குமாற்றோடு நான் காவல். "வெக்கப்படாமல் சாப்பிடு ராசா" என்று கலியாணப் பந்தி மாதிரி உபசாரம் வேறு. பனி உருகும்போது ஒல்லியனும் தேராகிவிட்டான்.

ஒரு சனிக்கிழமை லொறி வந்தது. முதலில் ஏற்றியது அவனைத்தான். நல்ல இடத்துக்குப் போகிறான் என்று எனக்குப் பெருமை. கைப்பையிலிருந்து திருநீறு எடுத்து அவன் நெற்றியில் பூசி, சாரதியைப் பார்த்து "மெர்சி, மெர்சி" என்று பிரெஞ்சில் நன்றி சொல்லிக் கும்பிட்டேன். அந்த மனிதர் தொப்பியைக் கழற்றி நெஞ்சில் வைத்தார். என்ன மரியாதையான ஆள் என்று நினைத்தேன்.

திரும்பும்போது காரில்தான் குமரன் சொன்னான்.

"அம்மா... அது இறைச்சி மாடு. எடை வந்தால் ஏத்திப்போடுவினம்."

"மெலிஞ்சு நிண்டிருந்தால்?"

"இன்னும் கொஞ்ச மாசம் நிண்டிருக்கும்."

வீடு வந்து சேர்ந்து கையைப் பார்த்தேன். விரலில் திருநீறு அப்படியே இருந்தது.

இன்றைக்கும் நான் யாருடைய சாப்பாட்டுக் கோப்பையிலாவது இன்னொரு அகப்பை சோறு போடப் போனால், பேத்தி எழும்பி ஜன்னலால் எட்டிப் பார்ப்பாள்.

"அப்பம்மா, லொறி வந்திட்டுதோ?"

(எழுது, எழுது. நீதானே கேக்கிறனி.)

எல்லாரும் சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன். சிரித்துக்கொண்டே அகப்பையைத் திரும்பச் சட்டிக்குள் வைத்துவிடுவேன்.