நாலு புள்ளிக்குக் கீழ நாஸ்டா கெடையாது

ஏய், குந்துங்கபா அல்லாரும். டேய், வாய மூட்றா, போன உள்ள வை. அக்கா, அந்த டிவி சவுண்ட கொஞ்சம் கம்மி பண்ணு. துன்னப் போன கத சொல்லப் போறேன், நடுவுல எவனும் எந்திரிச்சி சமையக்கட்டு பக்கம் போவக் கூடாது.

திருமுல்லவாயில்ல ஒரு ஃப்ளாட்டு கீது. முல்லை எழில் அடுக்ககம்னு பேரு. அந்த எடமே ஜம்புலிங்கத்தோட நெலம். வேர்க்கடல போட்ட நெலத்த பில்டர் கைல குட்த்துட்டு, பதிலுக்கு ஒண்ணாம் நம்பர் ஊட்ட வாங்கிகினு பொண்டாட்டி நாகம்மாவோட குந்திகினு கீறாரு. மீதி ஊட்லல்லாம் வெளியூர்லேந்து வந்த ஆபீஸ் சனம். நாகம்மா அவுங்களாண்ட வாயே தொறக்காது. சிரிச்சிட்டு போயிடும்.

சங்கத் தலைவரு சுப்பராயன். கவர்மென்ட்டு ஆபீஸ்ல சூப்பிரண்டா இருந்து ரிட்டையர் ஆனவரு. ரிட்டையர் ஆனது ஆபீஸுக்குத் தெரியும், அவருக்கு இன்னும் யாரும் சொல்லல. லிஃப்ட்ல பல்பு போனாக்கூட "மேற்படி பல்பு"ன்னுதான் பேசுவாரு.

அவரு தலமையில ஞாயித்துக்கெயம ரோடு ட்ரிப்பு. ஆவடிலேந்து பூந்தமல்லி வரைக்கும் ஃபேமஸ் ஓட்டல்லாம் துன்னு பாக்கறது. மொத்தமும் ஷேர் ஆட்டோ போற தூரம். அதுக்கே சனம் கயுத்துக்குத் தலகாணி மாட்டிகினு, கறுப்புக் கண்ணாடி போட்டுகினு வேன்ல ஏறுச்சு.

"இது உல்லாசப் பயணம் அல்ல. கள ஆய்வு" அப்டின்னாரு சுப்பராயன். "ரேட்டிங் நாலு புள்ளிக்குக் கீழ் உள்ள இடத்தில் யாரும் உண்ணலாகாது. கூட்டம் இல்லாத இடத்திலும் உண்ணலாகாது. ஆட்சேபணை உண்டா?"

யாருக்கும் இல்ல. ஜம்புலிங்கத்துக்கு சுகர் கீது. காலைல ஆவடில நாஸ்டான்னு நம்பி மாத்திரைய முயுங்கிட்டாரு. மாத்திரை உள்ள போயி, சோறு எங்கடான்னு தேட ஆரம்பிச்சிடுச்சு. அதுக்கு ரேட்டிங்லாம் தெரியாது பாவம்.

ஆவடி ஓட்டல். ரேட்டிங் கரெக்டா நாலு. கூட்டமும் கீது. பொங்கல் வந்துச்சு, மேல நெய் மினுக்குது. ஜம்புலிங்கம் கைய வெச்சாரு.

"அங்கிள், அங்கிள், தொடாதீங்க!" ஓடியாந்துச்சு ரேஷ்மா. செகரட்டரி பிரசன்னாவோட சம்சாரம். ரீல்ஸ் போடுற பொண்ணு. "ஆவி வர்றத எடுத்துட்டு சாப்பிடலாம்."

எடுத்துச்சு. லைட்டு சரியில்லன்னு தட்ட ஜன்னலாண்ட தூக்கிகினு போயி மறுக்கா எடுத்துச்சு. அதுக்குள்ள ஆவி போயிடுச்சு. "ஆவி பத்தல"ன்னு சொல்லிட்டு போன்ல என்னமோ தட்டுச்சு.

ஜம்புலிங்கம் மறுபடி கைய வெக்க, பிரசன்னா எந்திரிச்சிட்டான். "சார், பிரச்சனைங்க. ரேட்டிங் மூணு புள்ளி ஒம்பதா இறங்கிருச்சு."

"எப்பொழுது?"

"இப்பதாங்க சார். யாரோ ஒத்த ஸ்டார் போட்டிருக்காங்க. பொங்கல்ல ஆவி பத்தலைன்னு."

"அது நான்தான்" அப்டின்னுச்சு ரேஷ்மா.

"யார் போட்டது என்பது கேள்வி அல்ல" ன்னாரு சுப்பராயன். "எண் குறைந்துவிட்டது. எழுந்திருங்கள்."

பில்ல கட்டிட்டு, பொங்கல அப்டியே உட்டுட்டு எந்திரிச்சாங்க. ஜம்புலிங்கம் வாசல் வரைக்கும் திரும்பித் திரும்பிப் பாத்துகினே போனாரு, ஸ்கூலுக்குப் போற கொயந்த மாதிரி.

அடுத்து பருத்திப்பட்டு பக்கம் ஒரு பிரியாணிக் கட. ரேட்டிங் சூப்பரு. ஆனா அப்பதான் தம்ம ஒடச்சிகினு கீறாங்க, உள்ள ஈ காக்கா இல்ல. வாசன ரோட்டுக்கே வந்து ஜம்புலிங்கத்த கைய புட்ச்சி இஸ்க்குது.

"கூட்டம் எங்கே?" ன்னாரு சுப்பராயன்.

கடக்காரன் சிரிச்சான். "நீங்க உள்ள வந்து குந்துனா நீங்கதான் சார் கூட்டம்."

"நாங்கள் ஆய்வுக் குழு. எங்களை நாங்களே கூட்டமாகக் கருத விதியில் இடமில்லை."

"தலைவரே, எனக்குக் கண்ணக் கட்டுது" ன்னாரு ஜம்புலிங்கம். "மாத்திர வேற போட்டுட்டேன்."

"பொறுங்கள். தரமான பசிக்குத்தான் தரமான உணவு." சொல்லிட்டு வேன்ல ஏறிட்டாரு.

மண்ட காயுற வெயில்ல கரையான்சாவடி. அங்க ஒரு சாத்துன கட. போர்ட மறைச்சிகினு யாரோ காது குத்து ஃப்ளெக்ஸு கட்டிகீறான். அந்த ஷட்டர் முன்னாடி, "ஃப்ளாட் எண் வாரியாக வரிசையில் நில்லுங்கள். முன்னாய்வு முடியும்வரை கலையக் கூடாது" ன்னுட்டாரு சுப்பராயன். ஒண்ணாம் நம்பரு நாகம்மாவாச்சே, மொத ஆளா அதுதான் நின்னுச்சு. பின்னாடி மத்த சனம்.

சுப்பராயன், பிரசன்னா, ஜம்புலிங்கம் மூணு பேரும் கட பாக்கப் போனாங்க. ஜம்புலிங்கம் ஏன் போனாரு? முன்னாய்வுல ஒரு போண்டாவாச்சும் மாட்டும்னுதான். மாட்டல. ஒண்ணுல ரேட்டிங் இல்ல, ஒண்ணுல கூட்டம் இல்ல. சுத்திகினு வேற சந்து வயியா திரும்பி வந்தா, யம்மா! தெரு முனை வரைக்கும் சனம் லைன் கட்டி நிக்குது.

சுப்பராயனுக்கு மொகம் பூத்துடுச்சு. "இதுதானய்யா தரம்!" ன்னு ஓடிப் போயி கடைசில நின்னுகினாரு. முன்னாடி நின்ன ஆள தட்டுனாரு. "இங்கே என்ன விசேஷம்?"

"தெரியல சார். கூட்டமா இருந்துச்சு, நின்னுகினேன்."

"பார்த்தீர்களா? மக்கள் தீர்ப்பு!"

பிரசன்னா போன காட்டுனான். "வீடியோ கூட ஓடுதுங்க சார். 'கரையான்சாவடியின் ரகசியச் சுவை'ன்னு. செம கூட்டம் காட்றாங்க."

"யார் வெளியிட்டது?"

"நம்ம ரேஷ்மாங்க."

"அப்படியானால் நம்பலாம்."

ஜம்புலிங்கம் எட்டிப் பாத்தாரு. லைனு தலப்புல ஒரு பச்சப் பொடவ. "தலைவரே, மொதல்ல நிக்கிறது என் பொண்டாட்டி!"

"அம்மையார் நமக்காக முன்கூட்டியே இடம் பிடித்திருக்கிறார். பாராட்டத்தக்கது."

அப்ப ஷட்டர் தூக்குற சத்தம். சனம் மொத்தமும் முன்னால தள்ளுச்சு. மூணு பேரும் இடிச்சிகினு தலப்புக்கு ஓடுனாங்க. உள்ளேந்து கொட்டாவி உட்டுகினு வந்தாரு கடக்காரரு ஏகாம்பரம். இத்தினி கூட்டத்தப் பாத்து அவரு மூஞ்சி சோகமாயிடுச்சு.

"அய்யய்யோ. பெரிய மனுசனா? யாருபா தவறிட்டது?"

அப்பதான் உள்ள பாத்தாங்க. செவுத்தோரமா வரிசையா ஐஸ் பொட்டி. சாவு ஊட்டுக்கு வாடகைக்கு உடுற கட.

பிரசன்னா பயக்க தோஷத்துல போன பாத்துட்டான். "ரேட்டிங் அஞ்சுக்கு அஞ்சுங்க சார்."

"கண்டிப்பா இருக்கும்" ன்னாரு ஏகாம்பரம். "உள்ள படுத்தவன் ஒருத்தன்கூட இதுவரைக்கும் கொற சொன்னதில்ல."

சுப்பராயன் தொண்டைய செருமிகினாரு. "ரேட்டிங் உள்ளது. கூட்டமும் உள்ளது. விதிப்படி எந்தக் குறையும் இல்லை. ஆட்சேபணை உண்டா?"

அநியாயத்த கேளு, ஒரு பய கை தூக்கல. பின்னாடி நின்ன சனமும் கலையல. "இவ்ளோ நேரம் நின்னுட்டோம், இன்னான்னுதான் பாத்துட்டுப் போவமே" ன்னு ஒரு கொரலு. ஜம்புலிங்கம் மட்டும் செவுத்த புட்ச்சிகினு சரிஞ்சாரு.

காலைலேந்து இந்த சனத்தாண்ட வாயே தொறக்காத நாகம்மா வந்து அவரு கைய புட்ச்சிச்சு.

"எந்திரிய்யா, எதுக்க ஒரு ஆயா கடயில சோறு கீது. ஆளே இல்ல, லைன்ல நின்னுகினே கேட்டு வெச்சிட்டேன்." அப்பறம் திரும்புச்சு. "கடக்கார அண்ணே, இவுங்கள உள்ள உடு. படுத்துப் பாத்துட்டு ஸ்டார் போடட்டும்."