சகாயராஜுக்கு ஏன் இத்தனை பணிவு

மரக்காணம்

அன்பும் மரியாதையும் மிகுந்த அக்கா அருள்மேரி சிஸ்டருக்கு,

தம்பி அமிர்தராஜ் வணக்கத்தோடு எழுதுவது. ஆண்டவர் அருளால் நானும் மேரிசெல்வியும் நலம். உங்கள் மடத்துச் சிஸ்டர்மாரும் உங்கள் முழங்காலும் நலமாக இருக்க வேண்டுகிறோம்.

நிற்க. விஷயம் உங்கள் மருமகன் சகாயராஜைப் பற்றியது. சாமியாருக்குப் படிக்கும் குருமடத்திலிருந்து லீவில் வந்த பிள்ளை, வந்த நாள் முதல் அளவுக்கு மீறிப் பணிவாக இருக்கிறான். விடியுமுன் வாசலைப் பெருக்குகிறான், அவன் அம்மா மேரிசெல்வி சாப்பிட்ட தட்டைப் பிடுங்கிக் கழுவுகிறான். அவள் பூரித்துப்போகிறாள், எனக்குச் சந்தேகம் தட்டுகிறது. வளர்ந்த பையன் காரணமில்லாமல் தட்டு கழுவுவானா? காதலாக இருக்குமோ என்று அவன் செல்போனை எடுத்துப் பார்த்தேன். லாக்குகூடப் போடவில்லை. அதனால் சந்தேகம் இன்னும் பெரிதாயிற்று.

போன ஞாயிறு திருவிழா. ஜெபக் கூட்டத்தில் இவனைப் பேசச் சொல்லியிருந்தார் பங்குச் சாமியார். பொம்மையார்பாளையம் சொந்தக்காரர்களை எல்லாம் வரவழைத்து முன்வரிசையில் உட்கார வைத்தேன். பேச எழுந்ததோ மார்ட்டின், இவனோடு படிக்கிற பையன். நம் பிள்ளை பந்தியில் சாம்பார் வாளியோடு நிற்கிறான். கேட்டால், "அவன் என்னவிட நல்லா பேசுவான்பா" என்கிறான். என் மச்சான் விஜயகுமார் இலையில் சாம்பாரை வாங்கிக்கொண்டே, "ஏம்பா, குருமடத்துலேர்ந்து பையன அனுப்பிட்டாங்களா?" என்று என் காதில் கேட்டார். பாதிச் சாப்பாட்டில் இலையை மூடிவிட்டு எழுந்தேன்.

மறுநாள் நம் உப்பளத்தில் யாரும் எதிர்பார்க்காத மழை. குவித்து வைத்த உப்பு கண்ணெதிரே கரைகிறது. நான் வானத்தைப் பார்த்துக் கத்திக்கொண்டிருக்க, இவன் நம்மிடம் வேலை செய்யும் கொளஞ்சியோடு ஓடி ஓடித் தார்ப்பாய் போர்த்தினான். அப்படியும் பாதி போயிற்று.

"ஆண்டவர் பாத்துக்குவாருப்பா" என்றான்.

"அவருதாண்டா இதப் பண்ணதே" என்றேன்.

அவன் சிரிக்கவில்லை. நனைந்தபடியே சொன்னான்: "இந்த வருஷம் எனக்குத் திருத்தொண்டர் பட்டம் இல்லப்பா, சாமியாராகறதும் தள்ளிப்போகுது. இன்னும் ஒரு வருஷம் இருக்கச் சொல்லிட்டாங்க."

"ஏன்?"

"சொல்லல. நானும் கேக்கல."

கேட்கவில்லையாம் அக்கா. ரேஷன் கடையில் சர்க்கரை இல்லை என்றால்கூட ஏன் என்று கேட்கிற குடும்பம் நம்முடையது. இதில் அந்த மார்ட்டின் கை இருக்கிறது, இல்லாவிட்டால் அவனுக்கு வேண்டிய யாரோ மேலே இருக்கிறார்கள். நீங்கள் குருமடத்து அதிபர் சாமியாரை நேரில் பார்த்து, சாதாரணமாக நலம் விசாரிப்பதுபோல் விசாரித்து, உண்மையை வாங்கிவர வேண்டும்.

உங்கள் ஜெபத்தில் எங்கள் எல்லோரையும் வைத்துக்கொள்ளுங்கள். மார்ட்டினையும் வைத்துக்கொள்ளுங்கள், கடைசியாக.

இப்படிக்கு,
உங்கள் தம்பி அமிர்தராஜ்

பி.கு.: கவரை ஒட்டும் நேரத்தில் பையனைக் காணோம் என்று தேடிப் போனேன். கோயிலில் கடைசி பெஞ்சில் தனியாக அழுதுகொண்டிருந்தான். "பட்டம் குடுன்னு கேக்குறியா?" என்றேன். "இல்லப்பா. குடுக்காட்டியும் ஆண்டவர்மேல கோவம் வந்துடக் கூடாதுன்னு கேக்குறேன்" என்றான். அவன் பக்கத்தில் உட்கார்ந்திருந்துவிட்டு வந்தேன். மேலே எழுதியதை எல்லாம் விட்டுவிடுங்கள். அதிபரிடம் போக வேண்டாம். அவராகவே வாய் தவறிச் சொன்னால் மட்டும் உடனே போன் போடுங்கள்.